எல்லைக்கல்லும் பால் அட்டையும்

(திருத்தணியில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வணிகக் கூட்டமைப்பை விட்டு ஒரு நாடு விலகலாமா?' என்று இன்றைய தலைப்பை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதெல்லாம் டெல்லியில் பேச வேண்டிய விஷயம், தணிகை மலை அடிவாரத்தில் யாருக்கு வேண்டும்?" என்று கேட்டார். நான் அவரிடம் ஒரு மாங்காய்க் கதையைச் சொன்னேன். உங்களிடமும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2025 ஜூன் 7 அன்று பக்கத்துச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. வெளிமாநிலத்துத் தோத்தாபுரி மாங்காய் இனி மாவட்டத்துக்குள் வரக் கூடாது. நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்கிறோமே, அந்தக் காய்தான். சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைய. கர்நாடகத்தின் கோலார் பக்கத்து விவசாயிகள் வருஷா வருஷம் அங்கேதான் காயை ஏற்றி அனுப்புவார்கள். அந்த ஜூன் மாதம் எல்லைச் சாவடிகளில் ஆட்கள் நின்று லாரிகளை மறித்தார்கள். கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா, ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். ஆந்திராவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அங்கே விளைச்சல் மிகுந்து, விலை சரிந்து கிடந்தது. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று சேர்த்து 12 ரூபாயாவது தம் விவசாயிக்குக் கிடைக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த நேரத்தில் வெளிக்காய் வந்து இறங்கினால் ஏற்பாடு என்னாவது?

யார் பக்கம் நியாயம்? சித்தூர்த் தோப்பில் நின்று பார்த்தால் உத்தரவு சரி. கோலாரில் மரத்தடியில் காய் அழுகிக் கிடப்பதைப் பார்த்தவனுக்கு அது அநியாயம். இந்திய எல்லைக்குள் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 301ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி இருந்தும், விலை விழுந்த அன்று ஒரு மாவட்டம் கதவைச் சாத்தியது. வணிகக் கூட்டமைப்பு பற்றி உலகமெங்கும் நடக்கிற சண்டை அத்தனையும் இந்த மாங்காய் லாரிக்குள் இருக்கிறது. எல்லையில் குடியிருக்கும் நமக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வணிகக் கூட்டமைப்பு என்றால் என்ன? சில நாடுகள் கூடி, எங்களுக்குள் சுங்க வரி வேண்டாம் அல்லது குறைத்துக்கொள்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி, எத்தனை ஆண்டில் குறையும், ஒரு பொருள் 'இந்த நாட்டுப் பொருள்' என்று எப்படி முடிவு செய்வது என்று ஆயிரக்கணக்கான வரிகளில் எழுதப்படும் ஒப்பந்தம் அது. நம் ஜி.எஸ்.டி.யும் ஒரு வகையில் அப்படிப்பட்ட ஏற்பாடுதான். 2017 ஜூலை 1 வரை மாநில எல்லைகளில் வணிக வரிச் சாவடிகள் இருந்தன. லாரிகள் வரிசை கட்டி நின்றதும், டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மாநிலங்களெல்லாம் ஒரே சந்தையாகச் சேர்ந்தபின் அந்த வரிசை போயிற்று. சேர்வதால் வரும் நன்மைக்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம்.

இனி நம் நாட்டில் நடந்த பெரிய வாதத்துக்கு வருகிறேன். தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் அமைப்பில் அன்று பத்து நாடுகள். அவற்றோடு சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. மொத்தம் பதினாறு நாடுகள் சேர்ந்து ஒரு பெரிய கூட்டமைப்பு அமைக்க 2012 நவம்பரில் பேச்சைத் தொடங்கின. ஆர்.சி.இ.பி. என்று அதற்குப் பெயர். ஏழு ஆண்டுகள் பேசினார்கள். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், நாங்கள் சேரவில்லை என்று இந்தியா சொல்லிவிட்டுத் திரும்பியது. மற்ற பதினைந்து நாடுகளும் 2020 நவம்பர் 15 அன்று கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்குள் குடியேறிவிட்டு வெளியேறிய கதை இல்லை இது. வாசற்படி வரை போய்த் திரும்பிய கதை. ஆனால் அந்த வாசற்படியில் நடந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

வேண்டாம் என்றவர்கள் யார் யார் என்று பாருங்கள். ஆர்.எஸ்.எஸ். சார்ந்த சுதேசி ஜாக்ரண் மஞ்ச் தெருவில் இறங்கியது. இடதுசாரி விவசாயச் சங்கங்களும் இறங்கின. வேறெதிலும் ஒரே மேடையில் நிற்காத இருவரும் இதில் ஒரே சொல்லைச் சொன்னார்கள். அமுல் கூட்டுறவு எதிர்த்தது. காங்கிரசும் எதிர்த்தது. ஆனால் 2012இல் பேச்சைத் தொடங்கியபோது ஆட்சியில் இருந்தது அதே காங்கிரஸ். பா.ஜ.க. அரசு வந்த பின்னும் ஐந்தாண்டு அந்தப் பேச்சு தொடர்ந்தது. சேர வேண்டும் என்றவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. நிதி ஆயோக்கின் முதல் துணைத் தலைவராக இருந்த பொருளியல் அறிஞர் அரவிந்த் பனகாரியா, ஒதுங்கி நின்றால் ஆசியாவின் உற்பத்திச் சங்கிலியில் இந்தியாவுக்கு இடம் கிடைக்காது என்று வாதிட்டார். தொழில் துறையிலும் அப்படி நினைத்தவர்கள் உண்டு.

சேராததற்கு அரசு சொன்ன காரணங்கள் இவை. அந்தப் பதினைந்து நாடுகளோடு நம் வணிகப் பற்றாக்குறை 2018-19இல் சுமார் 10,500 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் சீனாவோடு மட்டும். வரிக்குறைப்பை 2014ஆம் ஆண்டு இருந்த வரியிலிருந்து கணக்கிடச் சொன்னார்கள். இந்தியா 2019ஐ வைக்கச் சொன்னது. இறக்குமதி ஓர் அளவைத் தாண்டினால் வரி தானாகவே உயரும்படி பாதுகாப்பு கேட்டது. அதுவும் கேட்டபடி கிடைக்கவில்லை. பிரதமர் மோடி அன்று காந்தியடிகளைத் துணைக்கு அழைத்தார். நீ செய்யப்போகும் காரியம் நீ கண்டவர்களிலேயே மிக ஏழையான மனிதனுக்கு உதவுமா என்று எண்ணிப் பார் என்றாரே காந்தி, அந்த அளவுகோலும் என் மனசாட்சியும் இதில் சேர இடம் தரவில்லை என்றார்.

அந்த அளவுகோல் சரியானது. அதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியாது. என் கேள்வி ஒன்றுதான். அந்த ஏழையை யார் அளந்தார்கள்? எந்த ஊரில்? யார் முன்னிலையில்?

என் தாயார் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு கறவை மாடுகளோடு வாழ்ந்தவர். விடியும் முன்பே தூக்குவாளியோடு பால் சங்கத்துக்குப் போவார். சிறுவனாக நானும் கூடப் போவேன். அங்கே பாலை அளவுக் குவளையில் ஊற்றுவார்கள். கொஞ்சம் மாதிரி எடுத்து அதில் பால்மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். கொழுப்பு எவ்வளவு என்று சோதிப்பார்கள். பிறகு அம்மாவின் கையில் இருக்கும் அட்டையை வாங்கி, தேதி, லிட்டர், டிகிரி எல்லாம் எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த எண்களை ஒன்று விடாமல் பார்ப்பார். ஒரு நாள் டிகிரி குறைத்து எழுதியிருந்தபோது, "இன்னொரு தடவை விட்டுப் பாருப்பா" என்றார். விட்டுப் பார்த்தார்கள். எண் மாறியது. திருத்தி எழுதினார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அளப்பது அவர் கண் முன்னே நடந்ததால் அவரால் கேட்க முடிந்தது.

ஆர்.சி.இ.பி. வாதத்தில் மையமாக நின்றது இந்தப் பால்தான். நியூசிலாந்தின் மக்கள்தொகை 50 லட்சத்தை ஒட்டியது. அங்கே கறக்கும் பாலில் பெரும்பகுதி பொடியாகவும் வெண்ணெயாகவும் வெளிநாடு போகிறது. நாம் உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு. ஆனால் அது சுமார் 8 கோடிக் குடும்பங்கள் ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துச் சேர்க்கும் பால். இறக்குமதியாகும் பால்பொடிக்கு 60 சதவீதம் வரி போட்டுக் காத்துவருகிறோம். அந்த வேலியை எடுத்தால் மலிவான பொடி வந்து கொள்முதல் விலை விழும் என்று பால் கூட்டுறவுகள் பயந்தன. அந்தப் பயத்தில் என் தாயாரின் தூக்குவாளி எனக்குத் தெரிகிறது. அதனால் 2019இல் திரும்பி வந்ததை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பாலோடு கதை முடிவதில்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டைப் பக்கம் போனால் தெருவெங்கும் விசைத்தறிச் சத்தம். எங்கள் உறவுக்காரர் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. பெரியவன் தறி ஓட்டுகிறான். பாவும் நூலும் வாங்கிவந்து கூலிக்கு நெய்கிறான். நூல் விலை ஏறினால் அவனுக்கு வேலை நாள் குறைகிறது. 2022இல் பஞ்சு விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு அந்த ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கியது. அவன் வீட்டில் அது நல்ல செய்தி. வெளிநாட்டுப் பஞ்சுக்குக் கதவு திறப்பது நல்லது என்பான். வெளிநாட்டுத் துணிக்கும் திறக்கலாமா என்று கேட்டால், "ஐயோ, வேண்டாம் மாமா" என்பான். சின்னவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை கம்பெனி பஸ் ஏறுகிறான். அவன் பூட்டும் பாகங்கள் பல கிழக்காசியாவிலிருந்து வருகின்றன. வரி குறைந்து பாகம் மலிந்தால் அவன் ஆலை பெருகும். அவர்கள் தாயார் பால் சங்கத்து உறுப்பினர்.

ஒரே கூரை, ஒரே அடுப்பு. கூட்டமைப்பில் சேரலாமா என்று அந்த வீட்டில் கேட்டால் மூன்று பதில் வரும். மூன்றும் நியாயமானவை. அப்படி இருக்கும்போது 'நாட்டுக்கு நல்லது', 'நாட்டுக்குக் கெட்டது' என்று ஒற்றைச் சொல்லில் பேசுகிறவர், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்காதவர் என்றே சொல்வேன்.

விலகியதால் என்ன ஆயிற்று? சீனப் பொருள் வெள்ளம் தடுக்கப்படும் என்றார்கள். கூட்டமைப்பில் சேராமலேயே, 2024-25இல் சீனாவோடு மட்டும் நம் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலருக்கு உயர்ந்தது. வரி வேலி ஒன்றே போதாது, அந்தப் பாகங்களை இங்கேயே செய்யும் திறமை வேண்டும் என்பது அதில் தெரிகிறது. ஒதுங்கினால் தனித்துப் போவோம் என்று மறுபக்கம் சொன்னார்கள். அதன்பின் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் 2022இல் தனித்தனி ஒப்பந்தங்கள் போட்டோம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு போட்டோம். ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் பால்பொருளை வெளியே நிறுத்தவும் முடிந்தது. ஆனாலும் 2024இல் உலக வங்கி இந்தியா தன் முடிவை மறுபடி எண்ணிப் பார்க்கலாம் என்று எழுதியது. அதே ஆண்டு நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அலுவலரும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். அது சீனாவோடு தடையற்ற வணிகம் செய்வதற்கே சமம் என்று வணிக அமைச்சர் பியூஷ் கோயல் மறுத்துவந்திருக்கிறார். இரண்டு பக்கமும் சொன்ன ஆரூடத்தில் பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை.

உள்ளே இருந்து வெளியேறிய நாட்டையும் பார்ப்போம். பிரிட்டன் 2016 ஜூன் 23 அன்று மக்களிடமே கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கலாமா, விலகலாமா? விலகலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1. எதையும் மறைக்கவில்லை, எல்லோரையும் கேட்டார்கள். அந்த வகையில் நம்மைவிட மேல். ஆனால் கேட்ட கேள்வி ஒற்றை வரி. அயர்லாந்துத் தீவில் ஓர் எல்லை இருக்கிறது. வடக்கு பிரிட்டனுடையது, தெற்கு ஒன்றியத்தில் இருக்கும் தனி நாடு. வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எல்லை கடந்து தெற்கே இருக்கும் ஆலைக்குப் போய்த்தான் வெண்ணெயாகவும் பொடியாகவும் ஆகிறது. அந்தப் பால் வண்டி நாளை எந்தச் சாவடியில் நிற்கும்? வாக்குச் சீட்டில் அதற்கு இடமில்லை. வட அயர்லாந்து மக்களில் 55.8 சதவீதம் பேர் இருக்கலாம் என்றே வாக்களித்திருந்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது. அந்த எல்லைச் சிக்கலுக்கு 2023 பிப்ரவரியிலும் புதிதாக ஓர் உடன்பாடு தேட வேண்டியிருந்தது. எல்லையோரத்துக்காரனின் பால் குடத்தைக் கடைசியில் எண்ணிய குறை அது.

அப்படியானால் எப்படித்தான் முடிவெடுப்பது? விடை தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. இந்த ஊரே ஒரு விடை.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே போனது. அதோடு திருத்தணியும் போனது. ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் இந்த மண்ணின் ஆசிரியர் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டம் இங்கே எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பியது என்பதை இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். சண்டை முற்றிய நிலையில் நடுவராகப் படாஸ்கர் தீர்வு சொல்ல வந்தார். அவர் வகுத்த முறை மிக எளிது. தாலுகாவையோ மாவட்டத்தையோ அலகாகக் கொள்ளாமல் ஒவ்வொரு கிராமத்தையும் அலகாகக் கொண்டார். அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம், அந்தக் கிராமம் எந்தப் பக்கத்து நிலத்தோடு ஒட்டியிருக்கிறது, மக்கள் விருப்பம் என்ன என்று பார்க்கச் சொன்னார். அதன்படி சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திரம் சென்றன.

எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. திருப்பதி கிடைக்கவில்லை என்ற ஏக்கம் நம்மவர்களுக்கு இருந்தது. மறுபக்கத்துக்கும் அதுபோல் ஏக்கங்கள் இருந்திருக்கும். இன்றும் நம் தெருவில் தெலுங்கு பேசும் வீடும் தமிழ் பேசும் வீடும் ஒரே சுவரில் சாய்ந்திருக்கின்றன. நகரியில் பெண் எடுக்கிறோம், புத்தூரில் பெண் கொடுக்கிறோம். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மொழியிலும் அரோகரா கேட்கிறது. அந்தச் சண்டை பகையாக உறைந்துபோகாததற்கு ஒரு காரணம், அளந்த அலகு சிறியதாகவும் அளவுகோல் எல்லோருக்கும் தெரிந்ததாகவும் இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

ஜி.எஸ்.டி.யிலும் இதைப் போன்ற ஒரு முறை உண்டு. அரசமைப்பின் 279அ பிரிவின்படி அமைந்த ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். வருவாய் இழக்கும் மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு தருவோம் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதினார்கள். அந்த மன்றத்தைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் மாநிலங்களுக்கு மனக்குறைகள் உண்டு. ஆனாலும் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறது.

வெளிநாட்டு வணிக ஒப்பந்தத்தில் அந்த நாற்காலியே இல்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு உடன்படிக்கை மத்தியப் பட்டியலில் இருக்கிறது. கையெழுத்திடும் முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற கட்டாயமும் நம் அரசமைப்பில் இல்லை. ஆசியானோடு நாம் செய்த வணிக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தானபோது ரப்பரும் மிளகும் என்னாகுமோ என்று கேரளம் பதறியது. அந்த அக்டோபர் 2ஆம் தேதி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மார்க்சிஸ்ட் கட்சி மனிதச் சங்கிலி அமைத்தது. கையெழுத்தான பிறகு கைகோத்து நிற்பதைத் தவிர ஒரு மாநிலத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். சேருவதா விலகுவதா என்ற முடிவு எதுவானாலும் முதலில் ஒப்பந்தத்தின் வரைவு தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் மக்கள் படிக்கும்படி வெளிவரட்டும். மாநிலங்களுக்கு ஜி.எஸ்.டி. மன்றம் போல ஓர் இருக்கை கிடைக்கட்டும். படாஸ்கர் கிராமத்தை அளந்ததுபோல, பொதட்டூர்பேட்டைத் தறிக்கு என்ன ஆகும், பால் சங்கத்துக்கு என்ன ஆகும், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று அந்தந்த ஊரில், அந்தந்த மக்கள் முன்னிலையில் கணக்கெடுக்கட்டும். இழக்கப்போகிறவருக்கு என்ன தருவோம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதட்டும். அமெரிக்காவில்கூட 1962இலேயே, இறக்குமதியால் வேலை இழந்த தொழிலாளருக்கு உதவித்தொகையும் பயிற்சியும் தரச் சட்டம் செய்தார்கள்.

அதுவரை கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்யும். இருக்கவும் வேண்டும். ஒப்பந்தத்தை எதிர்க்கிறவரை வளர்ச்சிக்கு எதிரி என்றும், ஆதரிக்கிறவரை அந்நியனுக்குத் தரகர் என்றும் ஏசுவதை மட்டும் விட்டுவிடுவோம். இருவரும் நம் உறவுக்காரர் வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்.

என் தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆயிற்று. அவருடைய பால் அட்டைகள் சில இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதப்பட்டது. ஓர் இடத்தில் மட்டும் ஓர் எண்ணை அடித்து, பக்கத்தில் வேறு எண் எழுதியிருக்கிறது. அவர் கேட்டதால் திருத்திய எண் அது. இந்த நாடு வெளிநாட்டோடு எழுதும் கணக்கிலும் அப்படி ஒரு திருத்தம் செய்யச் சொல்லும் உரிமை அவரைப் போன்றவர்களுக்கு வேண்டும் என்று கேட்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.